பாதுகாப்பறையில் நான்கு பெட்டி, அனுமதி ஒரு பெட்டிக்கு: எதை வைத்துக்கொள்வது?

பழையபெட்டி | சனி, இரவு 9.12

ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறைக்கு மாறுகிறோம். பிள்ளைகள் இருவரும் தனியாகப் போய்விட்டார்கள், இனி எதற்கு இவ்வளவு இடம் என்று மனைவி கேட்டார். நியாயம்தான். புது வீட்டுச் சாவி அடுத்த மாதம் கைக்கு வருகிறது.

சிக்கல் என்னுடைய நான்கு அட்டைப்பெட்டிகள். இருபது வருடமாகப் பாதுகாப்பறையில் (நம் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் குண்டுவீச்சுக்குத் தஞ்சமாகக் கட்டியிருக்கும் தடிச்சுவர் அறை) அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குகளுக்கும் நடுவே கிடக்கின்றன. ஒரே ஒரு பெட்டிக்குத்தான் அனுமதி, மற்றவை மின்கழிவுத் தொட்டிக்கு என்று தீர்ப்பாகிவிட்டது.

முதல் பெட்டியில் 1984இல் வாங்கிய ஆப்பிள் II நகல். இரண்டாவதில் ஒரு எக்ஸ்டி (ஐபிஎம் வகைப் பழைய கணினி), அதன் 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். மூன்றாவது முழுக்க உதிரி கார்டுகள், எது எதற்கு என்று எனக்கே பாதி மறந்துவிட்டது. நான்காவதில் 386, செலரான் (இரண்டும் இன்டெல் சில்லுகள்), அதற்குப் பிந்தைய மதர்போர்டுகள். ஆப்பிள் போர்டையும் அந்த 20 மெகாபைட் டிஸ்க்கையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு ஒரு 555 குறிப்பேடும் இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான். 1984 முதல் எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் விலை, வலப்பக்கம் கோளாறு. அதை எந்தப் பெட்டியிலும் சேர்க்கவில்லை, அது என் சட்டைப் பையில் வரும்.

---

தேக்காவாசி | சனி, இரவு 9.31

அண்ணே, 555 புத்தகம் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தினால் எப்படி? வலப்பக்கத்தை எடுத்து விடுங்கள்.

---

பழையபெட்டி | சனி, இரவு 10.26

கேட்டுவிட்டீர்கள், இனி நான் நிறுத்த மாட்டேன்.

பள்ளிக் கணினிக் கழகத்தில் இரண்டே இரண்டு ஆப்பிள் இருந்தன, நாங்கள் நாற்பது பேர். வாரத்துக்கு இருபது நிமிடம் கிடைக்கும். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர். ஒரு நாள் "அது வீட்டில் இருந்தால் என்ன செய்யும்?" என்று கேட்டார். "கணக்குப் போடும்" என்றேன். "கணக்கு நானே போடுவேனே" என்றார். ஆனாலும் அந்த வருட போனஸில் 780 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கித் தந்தார். ஆப்பிள் என்ற பெயர் அதில் எங்கும் கிடையாது, மூடியில் வேறு ஏதோ பழத்தின் படம். அந்த நாளில் இங்கேயும் ஹாங்காங்கிலும் இப்படி நகல் பெட்டிகள் தாராளமாகக் கிடைத்தன. பெட்டியைக் கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இடித்தவர்களை எல்லாம் முறைத்தார்.

ஒரு மெகாஹெர்ட்ஸ் 6502 சில்லு, 48 கிலோபைட் மெமரி, பச்சைத் திரை. பிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 140 கிலோபைட். மறுபக்கத்தையும் பயன்படுத்த வேண்டுமானால் உறையின் ஓரத்தில் ஒரு வெட்டு போட வேண்டும். அம்மாவின் கத்தரிக்கோல் அதற்கே தேய்ந்தது. பவர் போட்டதும் டிரைவிலிருந்து 'ட்ரர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். முதல் தடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் உணரியே அந்த டிரைவில் இல்லை. காசு மிச்சம். அதனால் படிக்கும் தலையைப் பின்னால் தள்ளித் தள்ளி, சுவரில் முட்டினால் அதுதான் முதல் தடம் என்று முடிவு செய்துகொள்ளும். இப்படி ஒரு முரட்டு யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

555இல் வலப்பக்கத்தின் முதல் வரி இது: "திரை முழுக்கக் குப்பை எழுத்து. 3 நாள். எல்லாச் சில்லையும் கட்டைவிரலால் அழுத்தினேன். சரி."

அப்போதெல்லாம் சில்லுகளை சாக்கெட்டில் செருகித்தான் வைப்பார்கள். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி ஒவ்வொன்றும் மயிரிழை மயிரிழையாக மேலே எழும்பிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் கால்களில் களிம்பு வேறு பிடிக்கும். அழுத்தினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். அப்பா பக்கத்து வீடுகளில் எல்லாம் "என் பையன் கட்டைவிரலாலேயே ரிப்பேர் செய்துவிடுவான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். புளோக் முழுக்க என்னை வானொலிப் பெட்டி பார்க்கக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

---

குட்டிக்கோபுரம் | சனி, இரவு 10.41

780 வெள்ளியா? அந்த விலைக்கு இன்று நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் அங்கிள். கேம்ஸ் எல்லாம் எங்கே வாங்கினீர்கள்?

---

பழையபெட்டி | சனி, இரவு 10.58

வாங்குவதா? 1987 பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை கடைகளில் நகல் டிஸ்க் பகிரங்கமாகவே தொங்கும். கையேட்டின் ஒளிநகலும் கூடவே கிடைக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

சரி, எக்ஸ்டி. தேசிய சேவை முடித்து முதல் வேலை, 1988. சிம் லிம் ஸ்குவேர் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஒரு சாமானுக்காக ஊர் முழுக்க அலைய வேண்டும், அதன்பின் ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக ஏறினால் போதும். கீழ்த்தளத்தில் சுற்றுப்பயணிகளுக்கான கேமரா. மேலே போகப் போகத்தான் நமக்கான கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒளிநகல் எடுத்த விலைப்பட்டியல் அடுக்கி வைத்திருப்பார்கள். பத்துக் கடைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) நடந்து, ஒரு தே தாரிக்கை (ஆற்றிய பால் தேநீர்) வைத்துக்கொண்டு பேனாவால் வட்டம் போடுவேன். பின்பு திரும்பிப் போய் "போலே குராங்?" (குறையுமா?) என்று ஆரம்பிப்பேன். தவுக்கே (கடை முதலாளி) சிரிப்பார். இரண்டு வெள்ளி குறையும். அந்த இரண்டு வெள்ளிக்காகத்தான் இவ்வளவும்.

அப்போது கட்டிய எக்ஸ்டியின் வலப்பக்க முதல் வரி வெட்கக்கேடு. பவர் சப்ளையின் பின்புறம் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115 என்றும் 230 என்றும். அது 115இல் இருந்ததை நான் பார்க்கவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230. பிளக்கைச் செருகினேன். டப். நீலப் புகை. வீடு முழுக்க இருட்டு. அம்மா பார்த்துக்கொண்டிருந்த படம் பாதியில் போனது. அந்தக் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதைப் பல வருடம் சொல்லிக் காட்டினார்.

---

ஜூரோங் டெக்னீஷியன் | சனி, இரவு 11.09

அந்த சுவிட்ச் பலி வாங்காத ஆளே கிடையாது. நான் பட்டறையில் வேலை பார்த்தபோது எல்லாவற்றையும் 230இல் வைத்து, மேலே நாடா ஒட்டிவிடுவேன்.

உங்கள் ஹார்ட் டிஸ்க் என்ன மாடல்?

---

பழையபெட்டி | சனி, இரவு 11.24

சீகேட் எஸ்டி-225. கார்டோடு சேர்த்து 560 வெள்ளி, மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். செங்கல் கனம் இருக்கும். வாங்கியதும் நேராகப் பயன்படுத்த முடியாது. டாஸில் டீபக் என்ற நிரலைத் திறந்து 'ஜி=சி800:5' என்று அடித்தால் கார்டுக்குள் இருக்கும் நிரல் விழித்துக்கொண்டு கேள்வி கேட்கும். 615 சிலிண்டர், 4 தலை என்று சொல்ல வேண்டும். பின்பு இன்டர்லீவ் எத்தனை என்று கேட்கும். இதுதான் ருசியான இடம். தட்டு சுழலும் வேகத்துக்கு எக்ஸ்டியால் ஈடுகொடுக்க முடியாது. ஒரு துண்டைப் படித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த துண்டு தலைக்கு அடியில் ஓடிப்போய்விடும், அதைப் பிடிக்க ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அதனால் அடுத்தடுத்த எண்களை அடுத்தடுத்து வைக்காமல் இடைவெளி விட்டு அடுக்குவார்கள். 3 வைத்தேன், 4 வைத்தேன், மறுபடி 3. ஒவ்வொரு தடவையும் முழு டிஸ்க்கையும் அழித்து அடுக்க வேண்டும். ஒரு வாரம் இரவெல்லாம் இதே வேலை. கடைசியில் 3.

அணைக்கும் முன் 'பார்க்' என்று அடித்துத் தலையை ஓரம் கட்ட வேண்டும். மறந்து பெட்டியை நகர்த்தினால் தலை தட்டில் கீறிவிடும். என் தங்கை அறையைப் பெருக்கும்போதுகூட "பார்க் பண்ணியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேசையைத் தொடுவாள்.

எக்ஸ்டியின் மூளையான 8088 சில்லை எடுத்துவிட்டு என்இசி வி20 போட்டது அடுத்த வருடம். கால்கள் ஒன்றே, ஆனால் கொஞ்சம் வேகம் கூடும். காசுக்கேற்ற வித்தியாசம் இல்லை என்று 555 சொல்கிறது. எனக்கு என்னவோ பறப்பது போல இருந்ததாக ஞாபகம்.

இந்த டிஸ்க்கின் ஸ்டிக்கரில் சிங்கப்பூரில் செய்தது என்று போட்டிருந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி. ஜப்பான், அமெரிக்கா என்று படித்தே பழகிய கண்.

---

நளினி அங் மோ கியோ | ஞாயிறு, காலை 8.15

இந்த இழையை இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டிஸ்க் பற்றி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா 1983 முதல் ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் லைனில் இருந்தவர். எந்த நிறுவனம் என்று எழுத வேண்டாம் என்கிறார், அதனால் விட்டுவிடுகிறேன். வேலை, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே தலைக்கு மயிரைவிட மெல்லிய கம்பி இணைப்பது. தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. தட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஒரு தூசி போனாலும் டிஸ்க் போச்சு. அதனால் உள்ளே போகும் முன் பவுடர் கூடாது, கண்மை கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது. ஸ்டிக்கர் பொட்டும் கூடாது. தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்களாம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறுவதற்குள் ஒரே கைக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பொட்டு வைத்துக்கொள்வார்களாம். "வெறும் நெற்றியோட போய் பெத்தவங்க முன்னாடி நிக்க முடியுமா?" என்கிறார்.

பக்கத்து இருக்கையில் ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோன ஒரு மலாய் அக்கா. அம்மா பேசும் மலாய் அவரிடம் கற்றதுதான்.

இவ்வளவு செய்தும் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 1999இல்தான். வந்த அன்று அம்மா முதலில் கேட்டது: "உள்ளே இருக்கிற டிஸ்க் எங்கே செஞ்சது?"

---

ஜூரோங் டெக்னீஷியன் | ஞாயிறு, காலை 9.02

அம்மாவுக்கு என் வணக்கம்.

இளையவர்களுக்காக: சீகேட் இங்கே வந்தது 1982இல். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்வதில் முன்னணி ஊராகச் சிங்கப்பூர் ஆகிவிட்டது. சிப், சிப் என்று எல்லாரும் பேசுவார்கள், டிஸ்க் செய்த கைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

பழையபெட்டி அண்ணே, ஒரு கேள்வி. டிஸ்க்கை வைத்துக்கொண்டு கார்டுப் பெட்டியைத் தூக்கிப் போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

---

பழையபெட்டி | ஞாயிறு, காலை 9.20

மூன்றாம் பெட்டியில்தான் எங்கோ இருக்கும். அது போனால் என்ன? அதே எம்எஃப்எம் வகையில் இன்னொரு கன்ட்ரோலர் கார்டு கரோசலில் (பழைய பொருள் விற்கும் இணையச் சந்தை) தேடினால் கிடைக்காதா?

---

ஜூரோங் டெக்னீஷியன் | ஞாயிறு, காலை 9.33

கிடைக்கும். படிக்காது.

நீங்கள் ஜி=சி800:5 அடித்து அடுக்கியது அந்தக் கார்டின் கணக்குப்படி. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, பிழை சரிபார்க்கும் கணக்கு என்ன என்பதெல்லாம் கார்டுக்குக் கார்டு வேறு. வேறு கம்பெனிக் கார்டை மாட்டினால் தட்டில் இருப்பது அதற்குப் புரியாது, மறுபடி அழித்து அடுக்கச் சொல்லும். இப்போதைய டிஸ்க்குகளில் கன்ட்ரோலர் டிஸ்க்கிலேயே ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது புருஷன் பெண்டாட்டி மாதிரி. பிரித்தால் இரண்டும் இரும்பு.

டிஸ்க்கில் ஏதாவது இருக்கிறதா?

---

பழையபெட்டி | ஞாயிறு, காலை 9.50

1991இல் 386க்கு மாறியபோது அப்படியே விட்டுவிட்டேன். என்ன இருக்கிறது என்று சத்தியமாக ஞாபகம் இல்லை.

கார்டுப் பெட்டியைக் கழிவிலிருந்து எடுத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். மனைவி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

---

தேக்காவாசி | ஞாயிறு, காலை 10.17

அந்தப் பெட்டியில் பழைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலிக் கார்டு இருந்தால் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வையுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். நம்ம சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுனில் ஒரு சின்னக் கடையில் ஆரம்பித்த கிரியேட்டிவ் கம்பெனியின் கார்டு அது. முதலில் சீன மொழி பேசும் கணினி செய்து பார்த்தார், போகவில்லை. 1989இல் இந்தக் கார்டு, உலகமே திரும்பிப் பார்த்தது. 2023 ஜனவரியில் அவர் போனபோது நான் வீட்டில் என் கார்டை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஆனால் கார்டு போட்ட அன்று அழுதிருக்கிறேன். அச்சுப்பொறியும் அதுவும் ஒரே இன்டரப்ட் 7ஐ (கணினியைக் கூப்பிடும் வழி) பிடித்துக்கொண்டு சண்டை. அச்சடித்தால் பாட்டு நிற்கும். ஒரு சின்ன ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் துண்டு) கழற்றி 5இல் மாட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம். அந்த ஜம்பர் கீழே விழுந்து மாயமானது இன்னொரு வாரம்.

---

பழையபெட்டி | ஞாயிறு, மதியம் 12.05

இருக்கிறது, இரண்டு.

386 போர்டுதான் செத்துவிட்டது. கடிகாரத்துக்கு ஒரு பீப்பாய் பேட்டரி வைத்திருப்பார்களே, அது கசிந்து சுற்றிலும் பச்சை பூத்துச் செம்புக் கோடுகளைத் தின்றுவிட்டது. வினிகர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், தாமதம். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இன்றே போய் அந்த பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். மற்ற எதையும் அப்புறம் செய்யலாம்.

அந்தப் போர்டைப் பற்றி 555இல் ஒரு தேதி: ஆகஸ்ட் 1993, "மெமரி: விலை கேட்கவும்." ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் ஒரு வேதிப்பொருள் ஆலை ஜூலையில் வெடித்தது. சில்லுகளைப் பொதியும் பிசினில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சிம் லிம்மில் ஒரே வாரத்தில் எல்லாத் தாள்களிலும் மெமரி விலை அடிக்கப்பட்டு, பேனாவால் 'கேட்கவும்' என்று எழுதிவிட்டார்கள். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. மீன் சந்தை பரவாயில்லை. 1999இல் தைவான் நிலநடுக்கம் வந்தபோதும் இதே கூத்து, 2011இல் தாய்லாந்து வெள்ளத்தின்போது ஹார்ட் டிஸ்க்கில் இதே கூத்து. அதனால் இப்போது விலையைப் பார்த்துப் பதறுகிற தம்பிகளுக்குச் சொல்வது, அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். அவசரம் என்றால் வாங்கிவிட்டு மறுநாள் விலையைப் பார்க்காதீர்கள்.

---

குட்டிக்கோபுரம் | ஞாயிறு, மதியம் 12.31

நான்காம் பெட்டியில் செலரான் என்று எழுதியிருந்தீர்களே, 300ஏ தானா? அதன் வேகத்தைக் கூட்டி ஓட்டுவது பற்றிப் படித்திருக்கிறேன், செய்தவர் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

---

பழையபெட்டி | ஞாயிறு, மதியம் 1.14

அதேதான் தம்பி. 1998 கடைசியில், ஏறக்குறைய 250 வெள்ளி. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் (சில்லு போர்டோடு பேசும் பாதை), பெருக்கம் 4.5, அதனால் 300. பெருக்கத்தை மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள், ஆனால் பஸ்ஸை 100 ஆக்கிவிட்டால் தானாக 450 ஆகிவிடும். அதே வேகமுள்ள பென்டியம் II நான்கு மடங்குக்கு மேல் விலை. செலரானில் 128 கிலோபைட் கேஷ் (தற்காலிக நினைவகம்) சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியதால் பல வேலைகளில் ஈடுகொடுத்தது.

என் போர்டு பஸ் வேகத்தைத் தானே பார்த்து முடிவு செய்கிற வகை. அதை ஏமாற்ற, சில்லுப் பலகையின் விளிம்பில் பி21 என்ற ஒரு தொடுகோட்டை மட்டும் மறைக்க வேண்டும். மனைவியின் நகச்சாயம். சிவப்பு. ஒரு சொட்டு. காய்ந்ததும் செருகினேன், 450 என்று வந்தது. கூரை வரை குதித்தேன்.

வலப்பக்கம்: "பகல் 2 மணிக்கு ஹேங் ஆகிறது. இரவில் ஆவதில்லை." ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். வேறொன்றும் இல்லை, மேற்குப் பார்த்த அறை, பிற்பகல் வெயில். கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். அடுத்த மூன்று வருடமும் அந்த விசிறி கணினிக்குத்தான் வீசியது. நாங்கள் வியர்த்தோம். நகச்சாயப் புட்டி எங்கே போனது என்று மனைவிக்கு இன்னும் தெரியாது, இந்த இழையை அவர் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

---

நளினி அங் மோ கியோ | ஞாயிறு, மதியம் 2.40

இவ்வளவு வேகத்திலும் தமிழ் தெரிந்ததா?

எனக்கு அந்தக் காலம் என்றால் ஞாபகம் வருவது அதுதான். 1997 மே மாதம் இங்கே தமிழ்நெட் மாநாடு நடந்தபோது நான் மாணவி. கணினியில் தமிழைக் கொண்டுவர நம் நா. கோவிந்தசாமி எவ்வளவு பாடுபட்டார்! 1999இல் போய்விட்டார். அந்த நாளில் ஒருவர் ஒரு எழுத்துருவில் அனுப்புவார், என்னிடம் அது இல்லாவிட்டால் கடிதம் முழுக்கக் கொக்கியும் கோடும். "உங்கள் எழுத்துரு எது?" என்று கேட்டே பாதிக் கடிதம் முடிந்துவிடும். விண்டோஸ் 2000இல் யூனிகோடு தமிழ் வந்தபிறகுதான் மெல்ல மெல்ல விடிந்தது. என் கல்லூரிக் கவிதைகள் ஒரு பழைய எழுத்துருவில் அடைபட்டுக் கிடக்கின்றன. (போகட்டும், நல்ல கவிதைகள் இல்லை.)

---

பழையபெட்டி | ஞாயிறு, மாலை 4.22

நான் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தே காலம் தள்ளியவன். அந்த விஷயத்தில் சோம்பேறி.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். 2004இல் ஒரு மதர்போர்டில் மின்தேக்கிகள் தலை வீங்கிக் கசிந்தன. அப்போது உலகம் முழுக்க வந்த வியாதி அது. சிம் லிம் டவருக்குப் போய் 105 பாகை தாங்கும் மின்தேக்கி எட்டு வாங்கி, அப்பாவிடம் கற்ற பற்றவைப்பை முதல்முறையாகக் கணினியில் காட்டினேன். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார், அவர் கையில் பிடித்த கோல் என் கை கனம். சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையிலிருந்து ஐந்து வெள்ளிக்கு வாங்கிய பவர் சப்ளை ஒன்று எட்டு வருடம் ஓடியது. அந்தச் சந்தையையும் 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

555ஐ இன்று முழுக்கப் புரட்டினேன். 2012க்குப் பிறகு மூன்று கணினி கட்டியிருக்கிறேன். இடப்பக்கம் விலை இருக்கிறது. வலப்பக்கம் காலி.

---

குட்டிக்கோபுரம் | ஞாயிறு, மாலை 4.30

நல்லதுதானே அங்கிள்?

---

பழையபெட்டி | ஞாயிறு, மாலை 4.36

நல்லதுதான். எழுத ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

---

ஜூரோங் டெக்னீஷியன் | ஞாயிறு, மாலை 5.01

எக்ஸ்டியை ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்று மூக்கு சொல்கிறது. நேராகப் பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் சிவப்பு சுவிட்ச் (!). பின்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போர்டை மட்டும் போடுங்கள். அந்தக் கால டான்டலம் மின்தேக்கி ஒன்றிரண்டு இருக்கும், மஞ்சளாக, துவரம்பருப்பு அளவில். வருடக்கணக்கில் கிடந்துவிட்டு மின்சாரம் பட்டால் சில சமயம் வெடிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாதுகாப்பறையிலேயே வைத்துச் சோதித்தால் கட்டியதற்கு ஒரு பயன்.

அது தாங்கினால் டிஸ்க்கை மாட்டுங்கள். ஓடினால் அணைக்காதீர்கள். மறுபடி ஓடும் என்று உத்தரவாதம் இல்லை.

---

பழையபெட்டி | ஞாயிறு, இரவு 11.48

ஓடியது.

மூன்றாம் பெட்டியில் எம்எஃப்எம் கார்டு இரண்டு இருந்தன. எது ஜோடி என்று தெரியாமல் முதலில் தவறானதை மாட்டினேன், டிஸ்க்கே இல்லை என்றது. இரண்டாவது கார்டு. மெமரியை 640 வரை நிதானமாக எண்ணியது. கிரைண்டர் மெல்ல வேகம் எடுப்பது போல டிஸ்க் சுழல ஆரம்பித்தது. விளக்கு மின்னியது. சி என்ற எழுத்து, பக்கத்தில் அம்புக்குறி, துடிக்கும் கோடு. முப்பத்தைந்து வருடம்.

நளினிக்கு: ஸ்டிக்கரைப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் காட்டுங்கள்.

உள்ளே என் டிப்ளமா அறிக்கை, சில விளையாட்டுகள், அப்புறம் 'கல்யாணம்' என்று ஒரு லோட்டஸ் 1-2-3 (கணக்கு அட்டவணை நிரல்) கோப்பு. திறந்தால் எங்கள் மொய்க் கணக்கு. 1990, பெருமாள் கோயில் மண்டபம். பெயர், ஊர், தொகை, குறிப்பு. எழுதிய நோட்டை வீடு மாறும்போது தொலைத்துவிட்டோம் என்று இருபது வருடமாக ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறோம். நான் கணினியில் ஏற்றிவைத்தது இருவருக்குமே மறந்துபோயிருக்கிறது.

சத்தம் கேட்டு வந்த மனைவி பாதுகாப்பறைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தவர் ஒன்றரை மணிநேரம் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்தார். பாதிப் பேர் இல்லை. ஒரு வரியில் நின்று, "இவர் ஐம்பது வெள்ளியா போட்டார்? அவர் மகள் கல்யாணத்துக்கு நாம் முப்பதுதானே போட்டோம்!" என்றார். இப்போது அந்த இருபது வெள்ளியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசனை நடக்கிறது.

திரையைக் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டேன். அணைக்கும் முன் 'பார்க்' அடித்தேன். பெட்டி விஷயம் இன்னும் பேசவில்லை, ஆனால் இரண்டாம் பெட்டியின் மேல் மனைவி கையெழுத்தில் 'புது வீடு' என்று எழுதியிருக்கிறது.

---

நளினி அங் மோ கியோ | திங்கள், காலை 7.50

அம்மா படத்தைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கம்பெனி இல்ல" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "ஆனா திருகெல்லாம் ஒழுங்கா போட்டிருக்காங்க" என்றார்.

---

தேக்காவாசி | திங்கள், காலை 8.22

அண்ணே, 1990இல் பெருமாள் கோயில் மண்டபத்தில் நடந்த கல்யாணம் ஒன்றுவிடாமல் என் அப்பா போயிருப்பார். பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பட்டியலில் இருக்கிறாரா பாருங்கள்.

---

பழையபெட்டி | திங்கள், காலை 8.57

இருக்கிறார். வரிசை 88. பத்து வெள்ளி. குறிப்பு: "சாப்பிடாமல் போய்விட்டார்."

---

தேக்காவாசி | திங்கள், காலை 9.03

சாப்பிடாமல் போகிற ஆள் இல்லையே. இன்று மாலை நேரிலேயே கேட்கிறேன்.